தாராவி எத்தனை எழுத்து?

ஒரு சொல்லில் இருப்பவை எல்லாம் எழுத்துகள்தானா என்று சோதிக்க, பைத்தான் நிரல்மொழியில் ‘இஸ்ஆல்ஃபா’ என்றொரு சிறு கட்டளை உண்டு. மும்பையின் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ‘ஆம்’ என்று விடை வரும். ‘தாராவி’ என்று தமிழில் கொடுத்தால் ‘இல்லை’ என்று வரும். மாட்டுங்கா, செம்பூர் என்று மாற்றிக் கொடுத்தாலும் அதே ‘இல்லை’தான். கட்டளையில் பழுது எதுவும் கிடையாது. எழுதப்பட்டபடியே அது நடந்துகொள்கிறது. துணைக்காலும் மேல்விலங்கும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் சேராதவை என்று அதன் பின்னால் இருக்கும் ஓர் அட்டவணை சொல்கிறது. கட்டளை அதை அப்படியே ஒப்பிக்கிறது.

மும்பையில் தமிழ் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் மொழியன்று. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். தொண்ணூறடிச் சாலையில் நடந்தால் கடைப் பலகைகளில் தமிழைப் பார்க்கலாம். மாட்டுங்காவில் 1932-இல் உருவான தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்று பள்ளிகளும் கல்லூரிகளுமாக விரிந்து நிற்கிறது. செம்பூரிலும் தமிழர்கள் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றில் ஒன்று தமிழ். மாணவர் பட்டியல், கடை ரசீது, கைபேசியின் தொடர்பு ஏடு, செய்தித் தளத்தின் தேடுபெட்டி என எங்கே தமிழ் நுழைந்தாலும், எழுத்துகளை வகைபிரித்துக் கையாளும் நிரல் நூலகம் ஒன்றைக் கடந்தே அது போக வேண்டும்.

அந்த நூலகங்கள் நடுநிலையான கருவிகள் என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்றும் கேட்கும் கேள்வி, லத்தீன் எழுத்துக்காக அரை நூற்றாண்டுக்கு முன் உருவான கேள்வி. தமிழுக்கும் மராத்திக்கும் பொருந்தும் விடை, உலக எழுத்துகளுக்குப் பொதுக் குறி எண் தரும் யூனிகோட்டின் தரநூல்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கடைப்பிடிக்காமல் இருப்பவை நூலகங்கள். அதைச் சோதித்துப் பார்க்காமல் விட்டவர்கள், நிரல் எழுதும் தமிழர்களும்தான்.

128 இடங்களின் காலம்

1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி தரத்தில் மொத்தம் 128 இடங்கள். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து, பின்னர் வந்த திருத்தத்தில் சேர்ந்த சிறிய எழுத்து, பத்து எண்கள், நிறுத்தக்குறிகள், கருவியை இயக்கும் கட்டளைக் குறிகள் ஆகியவை அடங்கிவிட்டன. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு, சி மொழிக்கு ‘சி-டைப்’ என்ற தலைப்புக் கோப்பு வந்து சேர்ந்தது. ஒரு குறி எழுத்தா, எண்ணா, இடைவெளியா, நிறுத்தக்குறியா என்று கேட்கும் கட்டளைகள் அதில் இருந்தன.

அதன் வேலைமுறை எளிமையானது. ஒவ்வொரு குறிக்கும் அட்டவணையில் ஒரு பைட். அந்த பைட்டின் ஒவ்வொரு பிட்டும் ஒரு வகை. முதல் பிட் எரிந்தால் பெரிய எழுத்து, அடுத்தது எரிந்தால் சிறிய எழுத்து, இன்னொன்று எரிந்தால் எண். குறியின் எண்ணைக் கொண்டு அட்டவணையில் ஒரே தாவலில் போய்ப் பார்த்து விடை சொல்லிவிடலாம். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் இது அருமையான தீர்வு. இன்றைய நூலகங்களில் பலவும் இந்தப் பெயர்களையும் இந்தக் கேள்விகளையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன.

அந்த அட்டவணை ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு குறி என்றால் ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்கு எட்டு பிட் குறியாக்கங்களும் எழுத்துருக்களும் வந்தபோதே உரசல் தொடங்கியது. 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தார்கள். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 தரத்திலோ 160-ஆவது இடம் ஒரு வகை இடைவெளி. 173-ஆவது இடம் வரி முடிவில் மட்டும் தோன்றும் கோடு. அங்கே எந்தத் தமிழ் வடிவத்தை வைத்தாலும், லத்தீன்-1 மட்டும் அறிந்த மென்பொருள் அதை இடைவெளி என்றோ மறைகோடு என்றோ எடுத்துக்கொள்ளும். பல கணினிகளில் சி மொழி 127-க்கு மேற்பட்ட பைட்டை எதிர்ம எண்ணாகப் படித்தது. அதை அப்படியே ‘இஸ்ஆல்ஃபா’விடம் கொடுத்தால் அட்டவணைக்கு வெளியே போய்ப் படிக்கும். அதன் விளைவு என்னவாகும் என்று சி மொழியின் தரநூலே உறுதி சொல்வதில்லை.

640 கூட்டினால் தமிழ்

இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே சட்டகம் என்ற எண்ணம் இஸ்கி தரத்தில் உருப்பெற்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை 1991-இல் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பு, இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி இந்திய எழுத்துகளை அடுக்கியது. தேவநாகரி, வங்காளம், குர்முகி, குஜராத்தி, ஒடியா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஒவ்வொன்றுக்கும் 128 இடம். ஒவ்வொன்றிலும் ககரம் அதே வரிசை எண்ணில். தேவநாகரிக் ககரத்தின் குறி எண் 2325. அதோடு ஐந்து 128-களைக் கூட்டினால் 2965, அதாவது தமிழ்க் ககரம். தமிழின் ழ, ற, ன ஆகியவற்றுக்கு இணையாகத் தேவநாகரியில் புள்ளியிட்ட எழுத்துகள் சேர்க்கப்பட்டன; அவையும் 640 தள்ளி, நேர் எதிரில் இருக்கின்றன.

மும்பை போன்ற நகருக்கு இந்த ஏற்பாடு பெரிய வசதியாக இருக்க வேண்டும். மராத்திப் பெயரின் ஒவ்வொரு குறியிலும் 640 கூட்டினால் தமிழ்ப் பெயர் கிடைத்துவிடும் அல்லவா? செய்து பார்த்தால் தெரியும். மராத்தியில் தாராவி ‘த’-வின் நான்காம் வருக்க ஒலியில் தொடங்குகிறது. அதன் எண் 2343. 640 கூட்டினால் 2983. அந்த இடத்தில் தமிழில் எழுத்தே இல்லை. மாட்டுங்காவின் மூன்றாம் வருக்கக் ககரம் 2967-இல் போய் விழுகிறது, அதுவும் காலி. செம்பூரின் மூன்றாம் வருக்கப் பகரம் போய்ச்சேரும் 2988-உம் காலி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மராத்தி எழுதும் அனுஸ்வாரம், தமிழ் எழுத்துமுறை பயன்படுத்தாத ஒரு குறியாக மாறி நடுவில் நிற்கிறது. மூன்று ஊருக்கும் ஆளுக்கோர் எழுத்து பறிபோகிறது.

தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் இன்று 72 மட்டுமே நிரம்பியுள்ளன. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று காலியிடங்கள். த-வுக்கும் ந-வுக்கும் நடுவே மூன்று. ‘2944 முதல் 3071 வரை இருப்பதெல்லாம் தமிழ் எழுத்து’ என்று நிரலில் எழுதி முடித்துக்கொள்பவர்கள் இந்தக் காலியிடங்களையும் தமிழாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். எண்களையும், மாதம், வருடம், பற்று, வரவு ஆகியவற்றின் பழைய சுருக்கக் குறிகளையும் எழுத்தோடு எழுத்தாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

மூன்று பெட்டிகள்

யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொதுவகை தருகிறது. தமிழைப் பொறுத்தவரை முதன்மையானவை மூன்று. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், ஆய்தம் ஆகியவை ‘எழுத்து’ என்ற பெட்டியில் உள்ளன. துணைக்கால், கொம்பு, மேல்விலங்கு, உகரக் குறிகள் ஆகியவை ‘இடம் எடுத்துக்கொள்ளும் ஒட்டுக்குறி’. புள்ளி ‘இடம் எடுத்துக்கொள்ளாத ஒட்டுக்குறி’. இந்தப் பிரிவினை காட்சியை ஒட்டியது. ஒலியை ஒட்டியது அன்று. அதனால்தான் ‘கி’யில் வரும் மேல்விலங்கு இரண்டாம் பெட்டியிலும், ‘கீ’யில் வரும் சுழித்த மேல்விலங்கு புள்ளியோடு மூன்றாம் பெட்டியிலும் இருக்கின்றன. குறிலும் நெடிலுமாக இணைந்தே வரும் இகர ஈகாரங்கள் இங்கே பிரிந்துபோகின்றன.

தொல்காப்பியம் தொடங்கித் தமிழ் இலக்கணம் எழுத்தை வகைபிரித்த விதம் வேறு. அங்கே மெய்தான் அடிப்படை. க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க. யூனிகோட்டில் க என்பதுதான் அடிப்படை. அதோடு புள்ளி சேர்ந்தால் க். இரண்டு கணக்கும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பகுப்பும், குறில் நெடில் என்ற அளவும் யூனிகோட்டின் அட்டவணைகளில் கிடையாது. சந்திப் பிழை திருத்தும் மென்பொருளுக்கும் யாப்பு அலகிடும் மென்பொருளுக்கும் தேவைப்படுவதோ இவைதான். முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற கட்டற்ற பைத்தான் நூலகம் இந்த இடைவெளியை நிரப்புகிறது. குறிகளின் சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கவும், உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து மீண்டும் சேர்க்கவும் அதில் கட்டளைகள் உள்ளன.

பொதுவகை போதாது என்பதை யூனிகோடும் அறிந்தே இருக்கிறது. அதனால் ‘அகரவரிசைப் பண்பு’ என்று இன்னொரு பட்டியலையும் தருகிறது. உயிர்க்குறிகள் அதில் இடம்பெறுகின்றன, புள்ளி இடம்பெறவில்லை. எந்த நூலகம் எந்தப் பட்டியலைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பைத்தானின் ‘இஸ்ஆல்ஃபா’, ஜாவாவின் ‘இஸ்லெட்டர்’, கோ மொழியின் ‘இஸ்லெட்டர்’ ஆகியவை பொதுவகையை மட்டும் பார்ப்பவை. அவற்றுக்குத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றுமே எழுத்தால் ஆனவை அல்ல. ஜாவாவின் ‘இஸ்ஆல்ஃபபெட்டிக்’, ரஸ்ட் மொழியின் ‘இஸ்_ஆல்ஃபபெட்டிக்’ ஆகியவை இரண்டாம் பட்டியலைப் பார்ப்பவை. அவற்றின் கணக்கில் தாராவி தேறிவிடுகிறது. புள்ளி உள்ள மாட்டுங்காவும் செம்பூரும் தேறுவதில்லை. ஒரே இணையப் படிவத்தில் ஊர்ப்பெயர் எழுத்தாலானதா என்று சோதிக்க முன்பக்கம் ஒரு மொழியும் பின்பக்கம் இன்னொரு மொழியும் இருந்தால், ஒன்று ஏற்ற பெயரை மற்றொன்று தள்ளிவிடும்.

இதே பைத்தான், ‘தாராவி’ என்பதை ஒரு மாறியின் பெயராக வைத்துக்கொள்ளத் தடையின்றி அனுமதிக்கிறது. மாறிப்பெயர்களைச் சோதிக்கும் ‘இஸ்ஐடென்டிஃபையர்’ கட்டளை, ஒட்டுக்குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும் வேறொரு யூனிகோடு பண்பைப் பார்க்கிறது. சொல் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரே மொழிக்குள் இரண்டு விடைகள்.

சொல் காணாமல் போகும் இடம்

வகைப்பாட்டின் விளைவு பெரிதாகத் தெரிவது சொற்களைப் பிரிக்கும்போதுதான். ‘ரெஜெக்ஸ்’ எனப்படும் வடிவத் தேடலில், பின்சாய்வுக்கோட்டுக்குப் பின் ‘டபிள்யூ’ எழுதினால் ‘சொல்லில் வரக்கூடிய ஒரு குறி’ என்று பொருள். பைத்தானுடன் வரும் ரெஜெக்ஸ் நூலகம் இதை எழுத்து, எண், அடிக்கோடு என்று மட்டும் கொள்கிறது. ஒட்டுக்குறி வந்தவுடன் சொல் முடிந்துவிட்டதாக எண்ணுகிறது. ஆகவே ‘தாராவி’யிலிருந்து த, ர, வ என்று மூன்று துண்டுகள் வெளிவருகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் இந்தக் குறி ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் தாண்டி எதையும் ஏற்பதில்லை.

தரவு ஆய்வாளர்கள் பரவலாகக் கையாளும் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில், உரையைச் சொற்களாகப் பிரித்து எண்ணும் ‘கவுண்ட்வெக்டரைசர்’ என்ற கருவி இருக்கிறது. வேறு கட்டளை தராவிட்டால், குறைந்தது இரண்டு ‘டபிள்யூ’ குறிகள் தொடர்ந்து வந்தால்தான் அது சொல். ‘மும்பை, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்’ என்ற வரியை அதற்குக் கொடுத்தால் நடப்பது இது: நான்கு பெயர்களிலும் ஒவ்வோர் அடிப்படை எழுத்தை அடுத்தும் ஓர் ஒட்டுக்குறி இருப்பதால், இரண்டு எழுத்துகள் ஒட்டி வரும் இடமே இல்லை. எல்லாம் ஒற்றைத் துண்டுகளாகி வடிகட்டப்படுகின்றன. சொற்பட்டியல் காலியாக இருக்கிறது, ஒருவேளை ஆவணங்களில் விலக்குச் சொற்கள் மட்டும்தான் உள்ளனவோ என்ற பிழைச்செய்தியோடு நிரல் நின்றுவிடுகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற பெயர்களை மராத்தியில் எழுதிக் கொடுத்தாலும் இதே முடிவுதான். மூன்றும் ஒற்றை எழுத்துகளாகச் சிதறுகின்றன.

நிரல் நின்றுவிட்டால் ஆய்வாளருக்குக் கோளாறு தெரிந்துவிடும். நிற்காமல் ஓடும்போதுதான் ஆபத்து. நீளமான கட்டுரையைக் கொடுத்தால் ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’ என்று பதிவாகும். ‘மரங்கள்’ என்பது ‘மரங’, ‘கள’ என்று இரண்டாகும். ‘வண்டி’யும் ‘வண்டு’ம் ஒரே ‘வண’ ஆகிவிடும். பட்டியலில் ஆயிரக்கணக்கான ‘சொற்கள்’ இருக்கும்; வரைபடம் வரும்; தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து எந்தக் குறையும் காணமாட்டார். பைத்தானின் இந்த நடத்தையைப் பற்றிய முறையீடு 2007-ஆம் ஆண்டிலேயே அதன் வழுப் பதிவேட்டில் பதிவானது. யூனிகோட்டின் ரெஜெக்ஸ் தரநூலோ ‘சொல்லில் வரும் குறி’ என்ற பட்டியலில் ஒட்டுக்குறிகள் அனைத்தையும் சேர்க்கச் சொல்கிறது. பெர்ல் மொழி அப்படித்தான் செய்கிறது. பைத்தானுக்கென்று தனியாகக் கிடைக்கும் ‘ரெஜெக்ஸ்’ என்ற வெளி நூலகமும் அப்படியே.

மொழி மாதிரிகளின் காலத்தில் இந்தச் சிக்கல் இன்னோர் உருவம் எடுத்தது. கூகுள் 2018-இல் வெளியிட்ட பெர்ட் மாதிரியின் பன்மொழிப் பதிப்புகளில் ஒன்று, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கிவிடும். அதோடு, ஐரோப்பிய மொழிகளின் அழுத்தக் குறிகளையும் களைய, ‘இடம் எடுத்துக்கொள்ளாத ஒட்டுக்குறி’ என்ற பெட்டியையே முழுவதுமாகத் துடைத்தது. தமிழில் அந்தப் பெட்டியில் இருப்பவை புள்ளியும் ஈகாரக் குறியும். ஆக, ‘வீடு’ என்று கொடுத்தால் மாதிரி படித்தது ‘வடு’. ‘கீரை’ என்று கொடுத்தால் ‘கரை’. ‘பல்’ என்று கொடுத்தால் ‘பல’. செம்பூர் ‘செமபூர’ ஆனது. தேவநாகரியில் உகர ஏகாரக் குறிகளும் அனுஸ்வாரமும் அதே பெட்டியில் இருப்பதால் மராத்திக்கு இழப்பு இன்னும் பெரிது. வேறுபாட்டைக் காக்கும் இன்னொரு பதிப்பைப் பயன்படுத்துமாறு பின்னர் கூகுளே பரிந்துரைத்தது.

எழுத்தை எண்ணுதல்

தாராவி எத்தனை எழுத்து என்று தமிழ்ப் பள்ளி மாணவரைக் கேட்டால் தா, ரா, வி என்று மூன்று விரலை மடக்குவார். பைத்தான் ஆறு என்கிறது. அது குறி எண்களை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 கோப்பில் அது 18 பைட். மாட்டுங்கா மாணவருக்கு ஐந்து, பைத்தானுக்குப் பத்து, கோப்பில் 30. செம்பூர் முறையே நான்கு, எட்டு, 24. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 இடம் என்னும்போதும் அந்த 70 குறி எண்களைத்தான் குறிக்கிறது. தலைப்பை முதல் இருபது குறிகளோடு வெட்டும் செய்தித்தளம், ‘ம்’ என்பதிலிருந்து புள்ளியைப் பிய்த்து ‘ம’ என்று காட்டிவிடக்கூடும்.

கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதைக் கணக்கிட யூனிகோடு ‘கிராஃபீம் கொத்து’ என்ற விதியை வகுத்தது. அதன் பழைய வடிவத்தில் ‘கீ’ ஒரு கொத்து, ‘கி’ இரண்டு. காரணம் முன்பு சொன்ன அதே பெட்டிப் பிரிவினை. விரிவாக்கிய புதிய வடிவம் இந்தப் பிழையை நீக்கியது. ஸ்விஃப்ட் மொழி அந்த விரிவான கொத்தையே தன் ‘கேரக்டர்’ ஆகக் கொண்டிருக்கிறது. அங்கே ‘தமிழ்’ என்பதன் நீளம் மூன்று. ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமான அளவை ஐந்து என்று சொல்லும். ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்ற புதிய வசதி மூன்று என்று சொல்லும்.

தமிழும் மராத்தியும் பிரியும் இடமும் இங்கே இருக்கிறது. தமிழில் ‘அக்கா’ மூன்று எழுத்து. புள்ளி வெளிப்படையாகத் தெரிவதால் க் தனி எழுத்தாகவே நிற்கிறது. தேவநாகரியில் மெய்கள் கூடிக் கூட்டெழுத்தாகிவிடும். அதை இரண்டாகப் பிரிப்பது படிப்பவருக்குப் பிழை. 2023-இல் வெளியான யூனிகோடு 15.1, தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காத விதியைச் சேர்த்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அது சரியான முடிவு. அதனால் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டும் பொது விதிப்படி இரண்டிரண்டு கொத்துகளாகவே எண்ணப்படும். அவற்றை ஒன்றாகக் கொள்ள விரும்பும் தமிழ் நூலகம் தனி விதி எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுத்துகளின் வகையைச் சரியாக அறியாமல் அவற்றைத் திரையில் வரையவும் முடியாது. ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பிறகு சேமிக்கப்படுகிறது; முன்னால் வரையப்படுகிறது. ‘கொ’வின் குறி இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிற்கிறது. இந்த உருவமைப்பு வேலையில் மும்பைக்குப் பங்கு உண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1985-இல் கிளைத்து, ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், எஸ். ரமணியின் தலைமையில் இந்திய எழுத்து மென்பொருளில் முனைந்தது. பவாய் ஐஐடியில் கற்பித்த எழுத்தோவியர் ஆர்.கே. ஜோஷி அங்கே சேர்ந்து பணியாற்றினார். இந்திய எழுத்துகளை உருவமைக்கும் கட்டமைப்பு பற்றி அம்மையத்தார் ஜோஷியோடு சேர்ந்து 1999-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். லினக்ஸில் இந்திய மொழிகளுக்கு வழிசெய்த ‘இன்டிக்ஸ்’ திட்டமும் அங்கே நடந்தது. தமிழும் தேவநாகரியும் சேர்ந்து வந்த முதல் விண்டோஸ் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் தேவநாகரிக்கு இருந்த ‘மங்கள்’ ஜோஷி வடிவமைத்த எழுத்துரு. தமிழுக்கு ‘லதா’ இருந்தது. வரைவதில் இந்திய எழுத்தின் தன்மை அன்றே மதிக்கப்பட்டது. எண்ணுவதிலும் பிரிப்பதிலும் அந்த மதிப்பு இன்னும் எல்லா நூலகங்களுக்கும் போய்ச்சேரவில்லை.

ஒரே தோற்றம், வேறு வேறு எண்

தமிழ் எண்களில் ௧ என்பதும் க என்பதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும். ௨ உ, ௭ எ, ௮ அ ஆகிய இணைகளும் அப்படியே. கண்ணுக்கு ஒன்று, அட்டவணையில் ஒன்று எண், மற்றொன்று எழுத்து. பைத்தானிடம் ‘௧௨’ என்ற தமிழ் எண்ணைக் கொடுத்தால் 12 என்று சரியாக மாற்றிவிடும். ஆனால் பன்னிரண்டை மரபுப்படி ‘௰௨’ என்று எழுதினால் பிழை என்று தள்ளிவிடும். ௰, ௱, ௲ மூன்றும் இடமதிப்பு எண்கள் அல்ல என்பதால் அவை வேறு வகை. இடமதிப்புக்கு வேண்டிய சுழியமான ௦ யூனிகோட்டுக்கு வந்ததே 2005-இல்தான். பழைய நில அளவை, கூலக் கணக்குகளில் வரும் பின்னக் குறிகளுக்கு 2019-இல் 51 குறிகள் கொண்ட தனித் தொகுதி சேர்ந்தது. அவை 65,536-க்கு அப்பால் இருப்பதால், ஒரு குறியை ஒரு 16 பிட் அலகாகக் கொண்டு எழுதிய ஜாவா நிரல்கள் ஒவ்வொன்றையும் இரண்டு துண்டாகவே பார்க்கும்.

‘கோவண்டி’ என்ற மும்பை ஊர்ப்பெயரையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஒப்பிட்டால் கணினி ‘வேறு வேறு’ என்கிறது. யூனிகோட்டின் இயல்பாக்க விதியை ஓட்டிய பிறகு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதைச் செய்யாத வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஊர் இரண்டு ஊராகப் பதிவாகும். வரிசைப்படுத்தும்போதும் இதே கவனம் தேவை. குறி எண் வரிசையில் ற, ர-வை அடுத்தும் ன, ந-வை அடுத்தும் வருகின்றன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது. எண் வரிசையில் அடுக்கிய அகராதி, தமிழ் அகராதியாக இருக்காது. மொழிக்குரிய வரிசை விதிகள் ஐசியூ போன்ற நூலகங்களில் தயாராக உள்ளன.

இத்தனை தொல்லைகளுக்கும் மாற்றாகத் தமிழக அரசு 2010-இல், யூனிகோட்டோடு சேர்த்து ‘டேஸ்-16’ என்ற அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் மெய்க்கும் தனி எண். எழுத்தை எண்ணுவது, வரிசைப்படுத்துவது, மெய்யும் உயிருமாகப் பிரிப்பது எல்லாம் எளிய கணக்கு. ஆனால் அது யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருக்கிறது. அப்பகுதிக் குறிகளுக்கு உலக நூலகங்கள் தரும் வகை ‘தனிப்பயன்’ மட்டுமே. ‘இஸ்ஆல்ஃபா’விடம் கொடுத்தால் அந்தக் குறியாக்கத்தின் அ முதல் ன் வரை எதுவும் எழுத்தாகத் தேறாது. ஓர் அலுவலகத்துக்குள் அது பயன்படலாம். உலக நூலகங்களோடு பழகும் மென்பொருளுக்கு அது வழி காட்டாது.

செய்யக்கூடியவை

தீர்வுகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பெயரைச் சோதிக்கும்போது ‘எழுத்து’ என்ற பெட்டியோடு ‘ஒட்டுக்குறி’ என்ற பெட்டியையும் சேர்த்து ஏற்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே அதற்கு வழி தருகிறது. சேமிப்பதற்கு முன் இயல்பாக்க வேண்டும். வெட்டும்போதும் எண்ணும்போதும் கிராஃபீம் கொத்தை அலகாகக் கொள்ள வேண்டும். சைக்கிட்-லேர்னில் சொல்லைப் பிரிக்கும் வடிவத்தை மாற்றிக் கொடுக்க ஒரே வரி போதும். தமிழ் இலக்கண வகைகள் தேவைப்படும் இடத்தில் ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு நிரலரும் தனித்தனியாகப் பிழையைக் கண்டு தனித்தனியாக ஒட்டுப்போடுவது பெரும் உழைப்பு விரயம். கட்டற்ற நூலகம் ஒவ்வொன்றோடும் சோதனைக் கோப்புகள் வருகின்றன. எந்த மொழிச் சொற்கள் அதில் இருக்கின்றனவோ அவையே அடுத்த பதிப்பில் பாதுகாக்கப்படுகின்றன. தமிழ்ச் சொல் அங்கே இல்லாவிட்டால், அது உடைந்தாலும் உருவாக்கியவருக்குத் தெரியாது. 1887-இல் தொடங்கி இன்று மாட்டுங்காவில் இயங்கும் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கல்லூரியிலும், செம்பூரின் விவேகானந்தா கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரியிலும் கணினியியல் கற்கும் மாணவர்களின் காதில் தமிழும் மராத்தியும் நாள்தோறும் விழுகின்றன. பருவத் திட்டப்பணியாக ஒரு நூலகத்தை எடுத்து, புள்ளியுள்ள பெயர், ஈகாரமுள்ள பெயர், பிரித்தும் சேர்த்தும் எழுதிய ஓகாரம், தமிழ் எண், தேவநாகரிக் கூட்டெழுத்து என்று ஐந்து சோதனைகளை எழுதி அனுப்பலாம். நிரல் வரிகளில் அது ஒரு பக்கத்துக்கு மேல் வராது. ஏற்கப்பட்டால், மும்பையைக் கேள்விப்பட்டே இராத ஒரு நிரலர் உலகின் ஏதோவொரு மூலையில் அடுத்த மாற்றத்தைச் செய்யும்போதும், தமிழ்ப் பெயரும் மராத்திப் பெயரும் சிதறாமல் வருகின்றனவா என்று அந்த நூலகம் முதலில் சோதித்துப் பார்க்கும்.